பூர்ணிமா வாங்கிய போண்டா

கிளமென்ட் சாருடைய மானம் போண்டாவால் போனது. கப்பலேறிப் போகும் அளவுக்குக்கூட அது போகவில்லை. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஓர் உரக்கடைக்கு மேலே, மாடியில் இருக்கிற ஒரு சின்ன ஆபீஸின் நான்கு சுவருக்குள்ளேயே போய்விட்டது. ஆனால் போனது போனதுதான்.

அந்த ஆபீஸில் நெல் அரவை மில்களுக்கு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறார்கள். லாரி எடைமேடையில் ஏறி நின்றால் சீட்டு அச்சாக வேண்டும். யார் நெல், எத்தனை மூட்டை, ஈரப்பதம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எல்லாம் ஜாவா என்கிற கம்ப்யூட்டர் மொழியில். ஆளுக்கொரு பகுதியை எழுதி, சாயங்காலம் நான்கு மணிக்குள் ஒப்படைத்துவிட வேண்டும். மூலையில் இருக்கிற தனி கம்ப்யூட்டர் ஒன்று எல்லாருடையதையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிப் பார்க்கும். அதை பில்ட் மெஷின் என்பார்கள். ஒழுங்காகச் சேர்ந்தால் சுவரில் மாட்டியிருக்கும் திரை பச்சையாகும். எங்காவது உதைத்தால் சிவப்பு, பில்ட் உடைந்தது என்பார்கள்.

சிவப்பானால் போண்டா. அதுதான் சட்டம். யாரால் சிவப்பானதோ அவர் தானாகவே கையைத் தூக்கி, "நான்தான்" என்று சொல்லிவிட்டு, கீழே ஜாஃபர் சாதிக் டீக்கடையில் எல்லாருக்கும் உருளைக்கிழங்கு போண்டா வாங்கி வர வேண்டும். உடைத்தவர் பெயர் திரையில் வராது. விவரமெல்லாம் டீம் லீடருக்கு மட்டும் மெயிலில் போகும். "நம்ம தப்ப நாமதான் சொல்லணும். மெஷின் காட்டிக்குடுக்கக் கூடாது" என்பது முதலாளி எழில்மொழியின் கொள்கை. அவளே பலமுறை உடைத்திருக்கிறாள், சிரித்துக்கொண்டே போண்டா வாங்கியும் வந்திருக்கிறாள்.

அந்த ஆபீஸில் போண்டாவே வாங்காத ஒரே ஆள் கிளமென்ட் சார்.

பூதலூரிலிருந்து ரயிலில் வந்துபோகிறவர். நாற்பத்தாறு வயது. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா. அந்தப் பேனாவுக்கு இந்த ஆபீஸில் ஒரு வேலையும் கிடையாது. பதினைந்து வருஷம் இன்ஜினியரிங் காலேஜில் ஜாவா நடத்திய கை, அதை விட மனசில்லை. காலேஜில் பிள்ளைகள் சேருவது குறைந்துகொண்டே வந்து, ஒரு வருஷம் கம்ப்யூட்டர் வகுப்பையே நிறுத்திவிட்டார்கள். கிளமென்ட் சார் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவரிடம் படித்த பூர்ணிமா போன் பண்ணினாள். "சார், எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்குறாங்க சார். நான் சொல்லி வைக்கிறேன் சார்." ஒரு வாக்கியத்தில் எத்தனை சார் வைக்க முடியுமோ அத்தனை வைக்கிற பெண் அவள். அந்த ஆபீஸின் டீம் லீடரும் அவள்தான்.

தன்னிடம் படித்த பெண்ணுக்குக் கீழே வேலை பார்ப்பதா என்று அவருக்கு முதலில் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் போன முதல் நாளே அந்த உறுத்தல் போய்விட்டது. அவர் உள்ளே வந்ததும் பூர்ணிமா எழுந்து நின்றாள். அன்றிலிருந்து தினமும் நின்றாள். அவர் பக்கத்தில் வந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவாள். அவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று சார் பூரித்துப் போனார். வீட்டில் மனைவி லின்சியிடம், "வாத்தியார் வேலைக்கு இதுதான் சம்பளம், தெரிஞ்சுக்க" என்றார்.

முதல் வாரத்தில் பூர்ணிமா அவர் மேஜைக்கு வந்து, "சார், நம்ம புராஜெக்ட் எல்லாம் மேவன்ல இருக்கு சார். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்று இழுத்தாள்.

"ஓ, மேவனா! பாத்திருக்கேன்மா. அதுக்கென்ன" என்றார் சார்.

பார்த்ததும் கிடையாது, தொட்டதும் கிடையாது. ஆனால் பதினைந்து வருஷத்தில் ஒரு மாணவர் முன்னால் தெரியாது என்று சொல்லிப் பழகாத வாய் அது. திடீரென்று எப்படிச் சொல்லும்? பூர்ணிமாவும் "சரிங்க சார்" என்று போய்விட்டாள்.

மேவன் ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ஒரு புரோகிராம் எழுதும்போது எல்லாவற்றையும் நாமே எழுத மாட்டோம். அச்சடிக்க ஒன்று, கணக்குத் தாள் போட ஒன்று, தமிழ் எழுத்து காட்ட ஒன்று என்று பிறர் ஏற்கெனவே எழுதி வைத்த துண்டுகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வோம். அவற்றுக்கு ஜார் என்று பெயர். எந்தெந்த ஜார் வேண்டும் என்று பாம் ஃபைல் என்கிற ஒரே கோப்பில் எழுதி வைத்துவிட்டால் போதும். மேவன் தானே போய் எல்லாவற்றையும் இறக்கிக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டிக்கொடுக்கும். எந்த மெஷினில் கட்டினாலும் ஒரே மாதிரி வரும். கல்யாணச் சமையல்காரர் இன்னின்ன சாமான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் மன்னார்குடி மண்டபத்திலும் அதே சாம்பார், கும்பகோணம் மண்டபத்திலும் அதே சாம்பார். அவ்வளவுதான் விஷயம்.

கிளமென்ட் சார் பட்டியலில் எழுதாமல் பெருங்காயத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிற ரகம். காலேஜ் லேபில் இன்டர்நெட் கிடையாது. எந்த ஜார் வேண்டுமென்றாலும் பென்டிரைவில் கொண்டுபோய் ஒவ்வொரு மெஷினாகப் போட்டு, மவுஸைத் தட்டித் தட்டி இணைத்து வைப்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வழி. லேப் பரீட்சை என்றால் முந்தின நாள் பென்டிரைவோடு சுற்றி வருவார். லேப் கொத்துச் சாவியும் அந்தப் பென்டிரைவும் இடுப்பில் தொங்கினால்தான் அவருக்குத் தெம்பு. இங்கேயும் அதையேதான் செய்தார். தன் மெஷினில் ஜாரைக் கையால் இணைத்துக்கொள்வார். பச்சைப் பொத்தானை அமுக்குவார். ஓடும். ஓடினதும் ஒப்படைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறப்பார். பாம் ஃபைலில் ஒரு வரி எழுதியதில்லை.

பில்ட் மெஷினுக்கு அவர் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நான்கு மணிக்குத் திரை சிவக்கும். பூர்ணிமா தன் மெயிலைப் பார்ப்பாள். பிறகு கையைத் தூக்கி, "நான்தான்" என்பாள். கீழே போய்ப் போண்டா வாங்கி வந்து வைத்துவிட்டு, எல்லாரும் தின்றுகொண்டிருக்கும்போது பாம் ஃபைலில் விட்டுப்போன வரியை எழுதிச் சேர்ப்பாள். திரை பச்சையாகிவிடும்.

சார் நன்றாகச் சாப்பிடுவார். சட்னியை வழித்துச் சாப்பிடுவார். வெறுமனே சாப்பிட்டுத் தொலைத்திருந்தாலாவது பரவாயில்லை, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? "என்னம்மா பூர்ணிமா, இன்னைக்கும் நீதானா?" என்பார். "இந்தப் பொண்ணு காலேஜ்லயே இப்படித்தான் நஜ்மா. அவசரக்குடுக்கை. நின்னு நிதானமா பாக்க மாட்டா." டெஸ்டிங் பார்க்கிற நஜ்மா தலையைக் குனிந்துகொள்வாள். பூர்ணிமா, "இனிமே பாத்துக்கறேன் சார்" என்பாள்.

ஒருநாள் இன்னும் மோசம். பாம் ஃபைலைத் தற்செயலாகத் திறந்து பார்த்தார். தான் எழுதாத வரிகள் ஏகத்துக்கும் இருந்தன. எந்தக் கிறுக்கன் இதையெல்லாம் எழுதி வைத்தது என்று அத்தனையையும் அழித்து ஒப்படைத்துவிட்டார். அன்றைக்குத் திரை சிவந்தபோது, போண்டாத் தட்டோடு வந்த பூர்ணிமாவிடம், "யாரோ குப்பையா எழுதி வச்சிருந்தாங்கம்மா. நான்தான் சுத்தம் பண்ணேன்" என்றார்.

"சரிங்க சார்" என்றாள் அவள். நஜ்மா எழுந்து முகம் கழுவப் போய்விட்டாள்.

இப்படிப் போண்டா வாங்காத புகழ் பூதலூர் வரைக்கும் போயிற்று. லின்சி கோவிலில் பூசை முடிந்ததும் பக்கத்துப் பெஞ்சு ஆட்களிடம், "ஆபீஸ்ல எங்க வூட்டுக்காரர் ஒருத்தர்தான் தப்பே பண்ணாம வேலை பாக்குறாராம். மத்ததெல்லாம் சின்னப் புள்ளைங்க" என்று சொல்லி வைத்தாள்.

எழில்மொழி காதுக்கும் அது எட்டியது. அவள் பாதி நாள் மில்களுக்குப் போய்விடுகிறவள், உள்ளே நடப்பது முழுக்கத் தெரியாது. புதிதாக ஒரு கூட்டம் பிள்ளைகளை வேலைக்கு எடுத்திருந்தாள். சாரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை அவங்க வராங்க சார். மேவன்லேருந்து ஆரம்பிச்சு நீங்க கிளாஸ் எடுக்குறீங்களா? இங்க ஒரு தடவகூட பில்ட உடைக்காதது நீங்க ஒருத்தர்தான். இனிமே டிரெய்னிங் பூரா உங்க பொறுப்புலயே விட்டுடலாம்னு பாக்குறேன்" என்றாள்.

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடியும் ஒரு போர்டு, மறுபடியும் ஒரு வகுப்பு. அதைவிட வேறென்ன வேண்டும் அவருக்கு? சம்பளம்கூட இரண்டாம் பட்சம். "தாராளமா எடுக்குறேன் மேடம்" என்றார். மேவனை இரண்டு நாளில் யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். வாத்தியார் புத்தி. நடத்துவதற்கு முந்தின நாள் படித்துக்கொண்டு போவது அவருக்குப் புதிதா என்ன?

அந்த வாரம் வியாழக்கிழமையே பூர்ணிமா லீவு போட்டுவிட்டு மன்னார்குடிக்குப் போயிருந்தாள், அக்கா மகளுக்குக் காதுகுத்து. வெள்ளிக்கிழமை எடைச்சீட்டில் பார்கோடு போடுகிற வேலையை முடித்துவிட்டு, வழக்கம்போல் ஜாரைக் கையால் இணைத்து, ஓட்டிப் பார்த்து, ஒப்படைத்தார் சார். நான்கு மணிக்குத் திரை சிவந்தது.

யாரும் கையைத் தூக்கவில்லை.

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சார் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கணீரென்று சிரித்தார். "யாருப்பா அது? பூர்ணிமாகூட ஊர்ல இல்ல, இன்னைக்கு அவ தலையில போட முடியாது. ம், கையத் தூக்குங்க. எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு, போண்டா சூடா வேணும்."

பூர்ணிமா இல்லாததால் மெயில் நஜ்மாவுக்கு வந்திருந்தது. நஜ்மா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை போலிருக்கிறது.

"உங்களோடதுதான் சார்."

"என்னது?"

"இன்னைக்கு உடைஞ்சது உங்களோடது சார்." ஆரம்பித்துவிட்டவள் நிறுத்தவில்லை. "எப்பவும் உங்களோடதுதான் சார். பூர்ணிமா அக்கா உடைச்சு நான் பாத்ததே இல்ல. நீங்க பாம் ஃபைல்ல எழுத மாட்டேங்குறீங்க. அவங்கதான் எழுதுவாங்க. போண்டாவும் அவங்கதான் வாங்குவாங்க. சார்கிட்ட சொல்லிடுங்கக்கான்னு நான் எத்தனையோ தடவ சொல்லிட்டேன். மாட்டேன்னுட்டாங்க."

சார் முகத்தில் ஈயாடவில்லை. சுற்றிப் பார்த்தார். எல்லாரும் அவரவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆச்சரியப்பட்ட முகம் ஒன்றுகூட இல்லை. அடப் பாவமே, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே அவரோடு உட்கார்ந்து போண்டா தின்றிருக்கிறார்கள். அவர் அவசரக்குடுக்கை என்று சொல்லும்போதெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்கள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. எழுந்து படியிறங்கினார். ஜாஃபர் சாதிக் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நிமிர்ந்து, "வாங்க சார், அதிசயமா இருக்கு! பூர்ணிமா வரலையா? எப்பவும் அதுதானே வரும்" என்றார். அவர் ஒன்றும் அறியாமல்தான் கேட்டார். சாருக்கு அது போதுமானதாக இருந்தது. போண்டா கேட்க வாய் வரவில்லை. "இல்லைங்க பாய், சும்மா வந்தேன்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். டிபன் பாக்ஸ்கூட மேஜையிலேயே கிடந்தது. மேலே அந்தப் பிள்ளைகள் போண்டாவுக்காகக் காத்திருந்தார்களோ, அவர் ஓடிப்போனதைப் புரிந்துகொண்டார்களோ, தெரியாது.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். வெளியே சம்பா நடவு முடிந்த வயல்கள். தெரிந்தவர் யாரோ, "என்ன சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினார். அவர் மனசில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பெண் போண்டாத் தட்டோடு படியேறி வருவாள். முதல் போண்டாவை அவரிடம்தான் நீட்டுவாள். அவர் எடுத்துக்கொண்டே அவளைக் கிண்டல் பண்ணுவார். மறுபடி மறுபடி அதுவேதான் வந்தது.

வீட்டில் லின்சி, "டிபன் பாக்ஸ் எங்கங்க?" என்றாள். "மறந்துட்டேன்" என்றார். அவள், "திங்கக்கெழம கிளாஸுக்குப் புதுச் சட்டை போட்டுக்குங்க, எடுத்து வச்சிருக்கேன்" என்றாள். அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் வீட்டு லேப்டாப்பைத் திறந்தார், ஆபீஸ் புராஜெக்டின் நகல் அதிலும் இருந்தது. கையால் இணைத்து வைத்திருந்த ஜார்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கறுப்பு ஜன்னலைத் திறந்து, தன் வாழ்நாளில் முதல்முறையாக மேவன் கட்டளையைத் தட்டினார். பொலபொலவென்று சிவப்பு வரிகள் கொட்டின. கடைசி வரியிலிருந்து படித்தார், ஒன்றும் புரியவில்லை. மேலே போய் முதல் சிவப்பு வரியைப் படித்தார். இன்னது கிடைக்கவில்லை என்று அது பச்சைப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லியிருந்தது. பாம் ஃபைலில் அந்த ஜார் யாருடையது, அதன் பெயர் என்ன, எந்தப் பதிப்பு என்று மூன்று வரி எழுதினார். பதிப்பை ஒரு எழுத்து தப்பாக எழுதி மறுபடி வாங்கிக் கட்டிக்கொண்டார். திருத்தினார். மறுபடி தட்டினார். திரையில் வரிகள் ஓடின. அவர் கேட்டதை அது இறக்கியது. கேட்டதற்கு என்னென்ன வேண்டுமோ அதையும் தானே தேடிப்போய் இறக்கியது. கடைசியில் சக்ஸஸ் என்று பச்சையில் வந்து நின்றது.

"அட!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். ஒரு கணம் சந்தோஷம்தான். அடுத்த கணம் அது எங்கே போனதென்று தெரியவில்லை. லின்சி சோறு வடிக்கக்கூட இல்லை. அதற்குள் கற்றுக்கொண்டு முடித்துவிட்டார். இவ்வளவுதானா இது? ஒரு காலை நேரத்து வேலைக்கா இத்தனை வருஷம் பயந்துகொண்டு, பென்டிரைவோடு லேப் லேபாகச் சுற்றினோம்? எத்தனை பிள்ளைகள் இது தெரியாமலே வெளியே போயிருக்கும்?

அப்போதுதான் அந்த நாள் ஞாபகத்துக்கு வந்தது. மறந்து போயிருந்தது என்று சொல்ல முடியாது. இத்தனை நாள் அந்தப் பக்கமே போகாமல் இருந்தார்.

பூர்ணிமா மூன்றாம் வருஷம். மெலட்டூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், தமிழ் மீடியம், வாயே திறக்காது. அன்றைக்கு எழுந்து நின்று, "சார், மேவன்னு ஒண்ணு இருக்காமே சார், ஜாரெல்லாம் அதுவே கொண்டுவந்துடுமாமே, அத நம்ம லேப்ல போட்டுக் காட்டுவீங்களா சார்?" என்று கேட்டது. சாருக்கு மேவன் என்ற வார்த்தையே அன்றைக்குப் புதிது. தெரியாதும்மா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? அவருக்குச் சுர்ரென்று ஏறியது. சாக்பீஸை நீட்டினார். "ஓ, எங்களவிட ஒனக்கு அதிகமா தெரியுமோ? வாம்மா, நீயே வந்து கிளாஸ் எடு." வகுப்பு முழுக்கச் சிரித்தது. பெல் அடிக்கும்வரை அந்தப் பெண் சாக்பீஸோடு போர்டு பக்கம் நின்றது. அதற்குப் பிறகு அது அவரிடம் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனார். பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டி பக்கம் இரண்டு தடவை போய்விட்டுத் திரும்பிவிட்டார். சாமியாரிடம் என்னவென்று சொல்வது? போண்டா தின்றேன் என்றா? பத்துக் கட்டளையில் இது எதில் வரும்? லின்சியைக் கேட்டால் சொல்வாள், ஆனால் அவளிடமும் சொல்லவில்லை. வாசலில் ஒருவர், "என்ன சார், டிரெய்னர் ஆயிட்டீங்களாமே" என்று கைகொடுத்தார். அந்தக் கையைப் பிடிக்கும்போது அவருக்குக் கூசியது.

திங்கட்கிழமை சீக்கிரமே போய் எழில்மொழியிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினார். அவள் அறை வாசல்வரை போனார். உள்ளே அவள் போனில் இருந்தாள். அப்பாடா என்று திரும்பிவிட்டார். அந்த அப்பாடாவை நினைத்து அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டார். அதற்குள் புதுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

பெரிய அறையில் நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். மன்னார்குடியிலிருந்து திரும்பியிருந்த பூர்ணிமா கதவோரம், நஜ்மாவுக்குப் பக்கத்தில். சாரைப் பார்த்ததும் எழுந்து நின்று உட்கார்ந்தாள். எழில்மொழி மார்க்கரை எடுத்து சார் கையில் கொடுத்தாள். "இவர்தான் கிளமென்ட் சார். இந்த ஆபீஸ்ல ஒரு தடவகூட பில்ட உடைக்காத ஒரே ஆளு. நீங்கெல்லாம் இவர மாதிரி வரணும்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். சார் தொண்டையைச் செருமினார்.

"இல்லைங்க மேடம். அது தப்பு" என்றார். "இங்க அதிகமா உடைச்சது நான்தான். எனக்கு மேவன் தெரியாது. தெரியும்னு பொய் சொன்னேன். முந்தாநேத்துதான் படிச்சேன். பூர்ணிமா வாங்குன போண்டா பூரா என்னோட கணக்கு. நான் அத தின்னுட்டு அவளையே கேலி பண்ணிக்கிட்டு இருந்தேன்."

எழில்மொழி பூர்ணிமாவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு புதுப் பையன் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டான். சாருக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. ஆனாலும் சொல்லிவிட்டோம் என்று நெஞ்சுக்குள் லேசாக ஒரு காற்று வந்தது. இந்த நல்ல காரியத்தை முழுசாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்தார். யாரிடம் இந்த மார்க்கர் இருக்க வேண்டுமோ அவளிடம், இத்தனை பேர் முன்னால், மரியாதையாகக் கொடுத்துவிட வேண்டும். கதவுப் பக்கம் நடந்தார். கையை நீட்டினார். மனசார, வாஞ்சையோடுதான் சொன்னார்.

"வாம்மா, நீயே வந்து கிளாஸ் எடு."

பூர்ணிமா விருட்டென்று எழுந்தாள். அவள் முகத்திலிருந்த இரத்தமெல்லாம் இறங்கிப் போய்விட்டது. கை இரண்டும் பின்னால் போயின. மார்க்கரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"சாரி சார்" என்றாள்.

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் அதே வார்த்தை என்பது சாருக்கு உறைத்தது. கடவுளே. இத்தனை மாதமும் அவள் எழுந்து நின்றது, கீபோர்டிலிருந்து கையை எடுத்தது, தினமும் அவர் வாசலில் தலையைக் காட்டியதும் பேச்சை நிறுத்தியது எல்லாவற்றையும் மரியாதை என்று நினைத்து லின்சியிடம் பீற்றிக்கொண்டிருந்தார். அது பயம். போர்டு பக்கம் நின்ற அந்த மூன்றாம் வருஷத்துப் பெண் இன்னும் பெல் அடிக்கக் காத்துக்கொண்டு நிற்கிறாள். தெரியாததை எடுத்துச் சொன்னால் இந்த மனுஷர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. சொல்வதைவிடப் போண்டா வாங்குவது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"நீ எதுக்கும்மா சாரி..." என்று ஆரம்பித்தார். மார்க்கரை அவள் கையில் கொடுக்காமல் பக்கத்து மேஜையில் மெதுவாக வைத்தார். "நான் போண்டா வாங்கிட்டு வரேன்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"என்ன சார், காலையிலேயே சிவப்பா?" என்றார் ஜாஃபர் சாதிக், சிவப்பு என்றால் போண்டா என்கிற அளவுக்கு அவருக்கும் சட்டம் தெரியும்.

"ஆமா பாய். நான்தான்" என்றார் சார். மாவு கலக்கி, சட்டியில் எண்ணெய் காய்ந்து, போண்டா வெந்து வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

சூடான பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலே வந்தபோது படியிலேயே பூர்ணிமாவின் குரல் கேட்டது. அவர் இதுவரை கேட்டிராத குரல். தயக்கமே இல்லை. ஒரு சார்கூட இல்லை. "மேவன் திட்டுச்சுன்னா பயப்படாதீங்க, மேல போயி முதல் வரியப் படிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு பிள்ளை ஏதோ அசட்டுச் சந்தேகம் கேட்டது. "நல்ல கேள்வி. எனக்கும் ரொம்ப நாள் தெரியாது" என்று சிரித்தபடியே சொன்னாள். சார் ஆசையோடு கதவருகில் வந்து தலையை நீட்டினார்.

அவள் பார்த்துவிட்டாள். பேச்சு நின்றது. எழுதிக்கொண்டிருந்த கை போர்டிலிருந்து இறங்கியது.

சார் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஓசைப்படாமல் இரண்டு படி கீழே இறங்கி, அவள் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்துச் சுவரோரம் நின்றுகொண்டார். பிறகு மெதுவாக அந்தக் குரல் மறுபடி ஆரம்பித்தது. கையில் போண்டா ஆறிக்கொண்டிருந்தது. வகுப்பு முடியும்வரை அவர் அங்கேயே நின்று கேட்டார்.